கழுத்துக் கொப்புளமும் அப்பச்சியின் ரேசரும்

சவரம் செய்த மறுநாள் கழுத்தில் சிவப்புக் கொப்புளங்கள் கிளம்பும். சட்டைக் காலர் உரசினாலே எரியும். முதலில் சோப்பை மாற்றினேன். பிறகு காரைக்குடி வீட்டின் போர் தண்ணீரைச் சந்தேகித்து, முற்றத்தில் அண்டாவில் பிடித்திருந்த மழைநீரில் சவரம் செய்தேன். நுரை நன்றாகக் கட்டியது, கொப்புளம் போகவில்லை. மூன்று பிளேடு கார்ட்ரிட்ஜை விட்டு ஐந்து பிளேடுக்கு மாறியதும் இரண்டு மடங்காயிற்று. அங்கேதான் பிடி கிடைத்தது.

முன் பிளேடு முடியை இழுக்க, பின்னால் வருவது தோல் மட்டத்துக்குக் கீழே அறுத்துவிடுகிறது. சுருண்ட முடி மீண்டும் வளரும்போது தோலுக்குள்ளேயே மடங்கிக் குத்துகிறது. கொப்புளம் ஒன்றின் நடுவே வளையம்போல் கறுப்பு முடி தெரிந்தது!

அப்பச்சியின் பெட்டியில் கிடந்த, ஒரே பிளேடு மாட்டும் பழைய ரேசரில் புது பிளேடு ஒன்றைப் போட்டேன். அதற்கு முன் மூன்று நாள் முடியை வளரவிட்டு விரலால் தடவிப் பார்த்தேன். வலப்பக்கம் முடி கீழ்நோக்கி வளர்கிறது. இடப்பக்கத் தாடைக்கு அடியில் காதை நோக்கிப் படுத்திருக்கிறது. இத்தனை ஆண்டுகள் அங்கே எதிர்த்திசையில் வழித்திருக்கிறேன். முடியின் போக்கிலேயே, அழுத்தாமல், ரேசரின் எடையிலேயே ஒரே முறை இழுத்தேன்.

பத்தே நாளில் கழுத்து ஆறிவிட்டது. அப்பாடா!