சீனி வருத்தத்தோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்துக்குப் புறப்படுகிற சலரோகக்காரர் மருந்தை மறப்பது குறைவு. கனடாவிலோ லண்டனிலோ குசினி உங்கள் கையில் இருக்கிறது. ஊரில் மூன்று நான்கு கிழமைக்கு மற்றவர் சமைத்துப் போடுவதைத்தான் சாப்பிடப்போகிறீர்கள், சிக்கல் அங்கேதான். அதுவும் "இவ்வளவு தூரம் வந்து அரை வயித்தோட எழும்புறியளோ?" என்று கேட்கிறவர்கள் பரிமாறுகிற சாப்பாடு. ஆகவே போய் இறங்கிய அன்றே சமைக்கிறவரிடம் சொல்லிவிடுங்கள். அந்த வீட்டிலேயே குளுசை போடுகிற ஒரு பெரியம்மாவோ சித்தப்பாவோ அனேகமாக இருப்பார். "எனக்கும் அவருக்குப் போடுற மாதிரிப் போடுங்கோ" என்றால் போதும். இலைக்கு முன்னால் இருந்துகொண்டு கையால் மறித்தால் கூச்சப்படுகிறீர்கள் என்று நினைப்பார்கள், அகப்பை நிற்காது.

பலகாரத்துக்குப் பயப்படுகிற பலர் மாவைக் கவனிப்பதில்லை. காலையில் இடியப்பம், மத்தியானம் சோறு, இரவு புட்டு என்று மூன்று வேளையும் மாச்சத்துத்தான் வருகிறது. குரக்கன் புட்டு என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்ற நம்பிக்கை வேறு. குரக்கனில் நார்ச்சத்துக் கூட, உண்மைதான்; ஆனால் மாச்சத்து அரிசிக்குக் கிட்டத்தட்டச் சமம். சிவப்பரிசிக்கும் இதே கதை. அளவு குறையாமல் நிறம் மட்டும் மாறினால் இரத்தச் சீனி பார்க்கிற மீற்றரில் பெரிய வித்தியாசம் தெரியாது.

நல்ல காலமாக, யாழ்ப்பாணச் சமையலில் கறிப் பக்கம் நம்முடைய கட்சி. முருங்கையிலை வறை, வாழைப்பூ வறை, வல்லாரைச் சம்பல், பாகற்காய், பயற்றங்காய், மீன், கணவாய், நண்டு எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். கோப்பையில் பாதிக்கு மரக்கறியும் கீரையும், கால் பங்கு மீன் அல்லது பருப்பு, மிச்சக் கால் பங்குக்குச் சோறு. மரக்கறியையும் மீனையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் சீனி ஏறுவதும் மெதுவாகும். புட்டை மீன் குழம்போடு சாப்பிடுங்கள். மாம்பழம் பிசைந்தால் மாவும் பழமும் சேர்ந்து ஏற்றிவிடும். கறுத்தக்கொழும்பான் காலத்தில் போய் அதைத் தொடாமல் வரச் சொல்ல எனக்கு மனமில்லை. சாப்பாட்டோடு சேர்க்காமல், இடைநேரத்தில் பாதிப் பழம். சாறாக்கிக் குடிக்க வேண்டாம். ஒடியற்கூழ் ஒரு கோப்பை குடித்தால் அதையே ஒரு வேளைச் சாப்பாடாக வைத்துக்கொள்ளுங்கள்.

தேத்தண்ணிதான் கள்ளத்தனமாக ஏற்றுவது. ஒரு தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி சீனி என்றால், சொந்தக்காரர் ஐந்து பேர் வீட்டுக்குப் போய்வருவதற்குள் பத்துக் கரண்டி, ஏறக்குறைய 40 கிராம். ரின்பால் ஊற்றினால் அதுவேறு. வாசலிலேயே "எனக்குச் சீனி போடாத பிளேன்ரி" என்று சொல்லிவிடுங்கள். பனங்கட்டியைக் கடித்துக் குடிக்கத் தருவார்கள். பனங்கட்டி ஒன்றும் செய்யாது என்றும் சொல்வார்கள். அதுவும் பெரும்பாலும் சீனிதான், சின்னத் துண்டோடு நிறுத்துங்கள். கடைப் போத்தல்களில் நிறக்குறி பார்க்கலாம். இலங்கையில் 2016 முதல் 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி உள்ள மென்பானங்களுக்குச் சிவப்புக் குறி, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை.

கலியாணவீடு, அந்தியேட்டி, கோயில் அன்னதானம் என்றால் வேறு கவனம் வேண்டும். பந்தி இரண்டு மணி தாண்டியும் போடாமல் இருக்கலாம். இன்சுலினோ கிளிக்கிளசைட் போன்ற குளுசையோ எடுப்பவருக்கு அந்த இடைவெளியில் சீனி இறங்கிவிடும். விரதம் பிடிப்பவர்களுக்கும் அப்படியே. மருந்தின் அளவை வைத்தியரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பையில் ஒரு கைப்பிடி கச்சானும் குளுக்கோசும் இருக்கட்டும். நடுக்கம், வியர்வை வந்து மீற்றர் 70க்குக் கீழே காட்டினால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். கச்சான் அந்த நேரத்துக்கு உதவாது, அது முன்கூட்டியே கொறிப்பதற்கு.

70 என்றது இலங்கைக் கணக்கு. கனடா, பிரித்தானியா, நோர்வே, அவுஸ்திரேலியா மீற்றர்கள் மில்லிமோலில் காட்டும், ஊர் வைத்தியர் மில்லிகிராமில் பேசுவார். மில்லிமோல் எண்ணை 18 ஆல் பெருக்கினால் மில்லிகிராம் கணக்கு வரும்: 7 என்றால் 126, 10 என்றால் 180.

இன்சுலினைக் கைப்பையில் கொண்டுபோங்கள். அடிப்பெட்டியில் போட்டால் உறைந்துவிடக்கூடும். திறந்த பேனாவைப் பெரும்பாலும் 30 பாகைக்குக் கீழ் நான்கு கிழமை வைத்திருக்கலாம், ஆனால் யாழ்ப்பாணத்துப் பகல் வெயில் அதைத் தாண்டும். ஓட்டோவுக்குள்ளும் நிறுத்திய காருக்குள்ளும் விட்டுவிடாதீர்கள். ரொறன்ரோவிலிருந்து நேரம் கோடையில் ஒன்பதரை மணித்தியாலம் தள்ளிப்போகும், நீண்டநேர இன்சுலினை எப்போது போடுவது என்பதைப் புறப்பட முன் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டில் கம்பனிப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரும் இருக்க வேண்டும். சென்னை வழியாகப் பலாலி விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இந்தியக் கடைகளில் இன்சுலின் சீசா பெரும்பாலும் மில்லிலீற்றருக்கு 40 அலகு, நீங்கள் பழகியது 100 அலகு. சீசாவுக்கும் ஊசிக்கும் அளவு பொருந்தாவிட்டால் டோஸ் இரண்டரை மடங்கு பிழைக்கும்.

நடைக்கு விடியல்தான் நேரம். ஏழரைக்கு மேல் வெயில் விடாது. பண்ணைப் பாலத்துப் பக்கம் காற்றும் உண்டு, நடக்கிறவர்களும் உண்டு. ஒழுங்கையில் நடந்தால் நாய்க்கு ஒரு தடி. "ஏன் நடக்கிறியள், ஓட்டோவில போங்கோ" என்பார்கள், சிரித்துவிட்டு நடவுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வளவுக்குள்ளேயே பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலும் சீனி இறங்கும்.

ஆனால் கால் கவனம். நல்லூர் வீதியில் பகல் மணல் கொதிக்கும், உணர்ச்சி குறைந்த காலுக்குச் சுட்டது தெரியாது. கோயிலுக்குக் காலையிலோ அந்தியிலோ போங்கள், இரவில் பாதத்தை விளக்கடியில் பாருங்கள். நெருஞ்சி முள் ஏறியிருந்தாலும் கொப்புளம் போட்டிருந்தாலும் அன்றே கழுவி மருந்து போட வேண்டும், வீங்கினால் வைத்தியரிடம்.

வயிற்றோட்டமோ வாந்தியோ வந்தால் சாப்பிடவில்லை என்று இன்சுலினை நீங்களாக நிறுத்தக்கூடாது. எம்பாகிளிஃப்ளோசின், டபாகிளிஃப்ளோசின் போன்ற குளுசைகளை அந்த நாட்களில் நிறுத்தி வைக்கச் சொல்வது வழக்கம், இதையும் வெளிக்கிட முன்னரே கேட்டுவிடுங்கள். தண்ணீர் தங்காமல் மயக்கம் வந்தால் காத்திருக்க வேண்டாம்: 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். அந்த எண்ணை உங்களோடு இருக்கிறவரின் போனிலும் போட்டு வைத்துவிடுங்கள்.