உங்களுக்குப் பிடித்த பீரைக் கண்டுபிடிப்பது எப்படி

போன மாதம் காவேரிப்பட்டணத்திலிருந்து மச்சினன் வந்திருந்தான். சின்ன ஆலைகளில் காய்ச்சும் கிராஃப்ட் பீர் குடித்துப் பார்க்கட்டும் என்று பெங்களூருவுக்கு அழைத்துப்போனேன். உட்கார்ந்ததுமே கேட்டான்: "மாமா, இதுல எது ஸ்ட்ராங்கு?"

எனக்கு வீடு ஓசூரில். ஆறு வருடமாகப் பெங்களூரு மைக்ரோபுரூவரி ஒன்றில் பீர் காய்ச்சும் வேலை. இந்தக் கேள்வியைக் கேட்காத வாரம் இல்லை. ஸ்ட்ராங் என்பது ஆல்கஹால் அளவு, ருசி வேறு கணக்கு. கறுப்பாக இருப்பதால் கின்னஸ் டிராஃப்ட்டை எல்லோரும் பலமான பீர் என்று நினைக்கிறார்கள். அதில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான். நம் ஊர்க் கடையில் விற்கும் மஞ்சள் நிற ஸ்ட்ராங் பீரில் அதைவிட அதிகம்.

எனவே முழு மக் வாங்காதீர்கள். சின்ன டம்ளரில் நான்கு கேளுங்கள்: லாகர் (லேசான, தெளிந்த பீர்), வீட் பீர் (கோதுமை சேர்த்தது), ஐபிஏ (கசப்பும் வாசனையும் தூக்கலானது), ஸ்டவுட் (கறுப்பு பீர்). இதே வரிசையில் குடியுங்கள். ஐபிஏவை முதலில் குடித்தால் அதன் கசப்பு நாக்கில் உட்கார்ந்துகொண்டு லாகரை வெறும் தண்ணீராகக் காட்டிவிடும். சில்லி சிக்கன் பிறகு வரட்டும், அதுவரை உப்பில்லாத வேர்க்கடலை போதும். சில்லென்று வந்ததும் குடிக்காமல் ஐந்து நிமிடம் விடுங்கள். அதிகக் குளிரில் நாக்கு மரத்துப்போகும், வாசனையும் மேலே வராது. முதலில் முகருங்கள், அப்புறம் ஒரு மடக்கு.

இனி, குடிப்பதில் எது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

பீருக்கு உடம்பு கொடுப்பது மால்ட். முளைகட்டி உலர்த்திய பார்லிதான் அது. எங்கள் அம்மா குழந்தைகளுக்கு ராகி மால்ட் செய்வதைப் பார்த்தே வளர்ந்தேன். ராகியை ராத்திரி ஊறவைத்து, ஈரத்துணியில் மூட்டை கட்டி, வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் நிழலில் உலர்த்தி, இரும்புச் சட்டியில் வறுப்பார். முளைவிடும்போது தானியத்துக்குள் நொதிகள் உருவாகும், அவைதான் பிறகு மாவைச் சர்க்கரையாக மாற்றும். பார்லிக்கும் இதே வேலைதான். சூட்டில் ருசி பிரிகிறது. மிதமான சூட்டில் காய்ந்த மால்ட்டை மென்றால் பிஸ்கட் போல இருக்கும். ஈரத்தோடு சூடேற்றி வறுத்தால் பாகு வாசனை. கருக வறுத்தால் காபிக்கொட்டையும் கறுப்பு சாக்லேட்டும். ஸ்டவுட்டின் நிறமும் அந்தக் கருகிய கசப்பும் இங்கிருந்து வருபவை. மூட்டை பிரித்ததும் நான் இன்றும் ஒரு பிடி மால்ட்டை வாயில் போட்டு மெல்லுகிறேன். எந்தப் புத்தகத்தைவிடவும் அதுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

நொறுக்கிய மால்ட்டைச் சுடுநீரில் ஊறவைக்கும்போது சில டிகிரி வித்தியாசமே பீரை மாற்றிவிடும். சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கும் நுண்ணுயிர்தான் ஈஸ்ட். 63 டிகிரி செல்சியஸ் பக்கம் வைத்தால் அது தின்னக்கூடிய சர்க்கரை அதிகம் இறங்கும், பீர் நாக்கில் தங்காமல் வெட்டென்று முடியும். 69 பக்கம் போனால் ஈஸ்ட்டால் தின்ன முடியாதது மீந்துபோய், பீர் கஞ்சி போலக் கொஞ்சம் கனக்கும். சிலருக்கு அந்தக் கனம்தான் பிடிக்கும்.

ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. எங்களுக்கு அது பச்சைக் குச்சியாக வரும், பார்க்க மாட்டுத் தீவனம் மாதிரியே இருக்கும். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் அறையே மணக்கும். ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் கசப்பு இறங்கும், வாசனை ஆவியோடு போய்விடும். வாசனை வேண்டுமென்றால் கடைசி ஐந்து நிமிடத்தில் போடவேண்டும், ரசத்தை இறக்கும்போது மல்லித்தழை தூவுவது போல. புளித்து முடிந்த பீரிலும் போடலாம், அதில் கசப்பு அதிகம் கூடாமல் மணம் மட்டும் ஏறும். சிட்ரா என்ற அமெரிக்க ஹாப்ஸ் போட்ட ஐபிஏவை முகர்ந்துவிட்டு, "மாம்பழம் போட்டிருக்காங்களா?" என்றான் மச்சினன். கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிக்குப் போய்வருகிறவன், அவன் மூக்கு தப்பு சொல்லாது. மாம்பழம் போடவில்லை, எல்லாம் அந்தப் பூவின் எண்ணெய்தான்.

ஈஸ்ட்டைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஜெர்மன் பாணி வீட் பீரில் வரும் வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் முழுக்க ஈஸ்ட்டின் வேலை. ஒரு மே மாதம் எங்கள் குளிரூட்டும் இயந்திரம் ராத்திரியில் நின்றுவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் 20 டிகிரியில் இருக்கவேண்டிய டேங்க் 28ஐத் தொட்டிருந்தது. பீர் முழுக்கக் கனிந்து அழுகப்போகும் வாழைத்தார் வாசனை, தொண்டையில் சாராய எரிச்சல். அத்தனையையும் கொட்டினோம், மனசு கேட்கவேயில்லை. லாகர் ஈஸ்ட்டுக்கு 10 டிகிரி பக்கம் குளிர் வேண்டும். அது குளிரில் நிதானமாக வேலை செய்வதால்தான் லாகரின் ருசி அவ்வளவு தெளிவாக இருக்கிறது.

தண்ணீர். தர்மபுரி பக்கத்து போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும், ராகி களியின் ருசிகூட மாறும். பீரிலும் அப்படித்தான். செக் நாட்டின் பில்சன் ஊரில் 1842இல் பொன்னிற லாகர் பிறந்ததற்கு அங்கிருந்த மென்மையான தண்ணீரும் ஒரு காரணம். இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர்த் தண்ணீரில் ஜிப்சம் அதிகம், அது ஹாப்ஸ் கசப்பைக் கூர்மையாக்கும்.

சில வாசனைகள் பழுதைக் காட்டுபவை. வெண்ணெய் வாசனை கனமாக வந்தால் பெரும்பாலும் ஈஸ்ட் வேலையை முடிக்கும் முன் பீரை எடுத்திருப்பார்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை என்றால் பழசு. பச்சை பாட்டில் வெயிலில் நின்றிருந்தால் ஹாப்ஸ் கெட்டு நாறும், அதனால் பழுப்பு பாட்டில் நல்லது. இவை வந்தால் உங்கள் நாக்கைச் சந்தேகிக்காதீர்கள், கிளாஸைத் திருப்பிக் கொடுங்கள்.

நான்கையும் குடித்ததும் பிடித்ததை மட்டும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டவுட் பிடித்திருந்தால் அடுத்த முறை அதன் நெருங்கிய சொந்தமான போர்ட்டர் கேளுங்கள். வீட் பீர் என்றால் பெல்ஜியன் விட் என்ற இன்னொரு கோதுமை பீர், அதில் தனியாவும் ஆரஞ்சுத் தோலும் சேரும். ஐபிஏ வாசனை பிடித்துக் கசப்பு பிடிக்கவில்லையா, கசப்பு குறைந்த பேல் ஏல். லாகர் என்றால் பில்சன் ஊரில் பிறந்த அந்தப் பொன்னிற வகை, பில்ஸ்னர். மச்சினன் ஸ்டவுட்டை எழுதிவைத்துக்கொண்டான். வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்ததால் பஸ்ஸிலேயே ஓசூர் திரும்பினோம். அத்திப்பள்ளி தாண்டும்வரை வறுத்த ராகி வாசனை பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தான்.