மாடு யூரியாத் தண்ணீரைக் குடித்துவிட்டால்

போன ஐப்பசியில் நெல்லுக்கு மேலுரம் போட்ட அன்று, யூரியா சாக்கைத் தொட்டியில் ஊறப்போட்டிருந்தோம். எங்கள் சிவலைப் பசு அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டது. அரை மணிகூட ஆகவில்லை. காது துடித்தது, வாயில் நுரை தள்ளியது, பின்னங்கால் பின்னியது, இடது பக்க வயிறு உப்பியது.

இப்படிக் கண்டால் முதலில் 1962-க்கு போன் போடுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும். அடுத்து வினிகர், மளிகைக் கடையில் கிடைக்கிற 5 சதவீத வினிகரேதான். பெருவயிற்றில் யூரியா உடைந்து அம்மோனியாவாகி ரத்தத்தில் ஏறுவதுதான் உயிரை வாங்குகிறது. வினிகரின் புளிப்பு அதை அம்மோனியமாக மாற்றிவிடும். அந்த வடிவத்தில் ரத்தத்துக்குள் எளிதில் போகாது. பெரிய மாட்டுக்கு 2 முதல் 8 லிட்டர், ஆட்டுக்கு அரை முதல் 2 லிட்டர் வரை கொடுப்பார்கள். கூடவே நிறைய குளிர்ந்த தண்ணீர். அது யூரியா உடையும் வேகத்தைக் குறைக்கும்.

எங்கள் ஊரில் வயிறு உப்பினாலே ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றுவார்கள். அன்றும் பக்கத்து வீட்டு அத்தை சொம்பில் கரைத்துக்கொண்டு ஓடி வந்தார். மாடு அரிசியை அள்ளித் தின்றிருந்தால் அது சரி, அங்கே வயிறு புளித்துப்போயிருக்கும். யூரியாவில் நேர்மாறு: வயிறு ஏற்கெனவே காரத்தன்மைக்கு (புளிப்புக்கு எதிரானது) மாறியிருக்கும், சோடா அதைக் கூட்டும். எது தின்றது என்று தெரியாமல் சோடாவைத் தொடாதீர்கள். அடர் அமிலமும் வேண்டாம், தொண்டை வெந்துவிடும்.

புகட்டும்போது தலையை அண்ணாந்து தூக்காதீர்கள், நாக்கை இழுக்காதீர்கள். கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் ஊற்றி, விழுங்கியதும் அடுத்தது. இருமினால் உடனே நிறுத்துங்கள், புரையேறினால் நுரையீரலுக்குப் போய்விடும். மாடு சாய்ந்து விழுங்க முடியாமல் கிடந்தால் நீங்கள் ஊற்றவே கூடாது. டாக்டர் குழாய் விட்டுத்தான் கொடுக்க வேண்டும். உப்புசம் மூச்சை அடைத்தால் வயிற்றில் துளையிட்டுக் காற்றை எடுப்பதும் அவர் வேலைதான்.

எங்கள் பசு நின்றுகொண்டிருந்ததால் நாலு பாட்டில் உள்ளே போனது. டாக்டர் வந்து குழாய் வழியாக மீதியையும் தண்ணீரையும் கொடுத்தார். மாடு தேறிவிட்டதே என்று தூங்கப் போய்விடாதீர்கள். வயிற்றில் மிச்சமிருக்கும் யூரியா மறுபடி உடையும், சில மணி நேரத்தில் இன்னொரு முறை வினிகர் தேவைப்படலாம். நாங்கள் விடியும்வரை கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தோம். நாலு மணிக்கு அசை போட ஆரம்பித்தது.