புகார் மனுவில் சம்மதத்தைப் பற்றி எப்படி எழுதுவது

மகளிர் நீதிமன்றத்தில் பாதிக்கப்பட்ட பெண்களுக்காக ஆஜராகும் வழக்கறிஞர் நான். பாலியல் வல்லுறவு வழக்கின் குறுக்கு விசாரணை கடைசியில் வந்து நிற்பது ஒரே கேள்வியில்தான்: "நீங்க சம்மதிச்சுத்தானே போனீங்க?" கூண்டில் ஏறிய பிறகு இதற்குப் பதில் தேடக் கூடாது. முதல் நாள் கொடுக்கிற புகாரிலேயே பதில் இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றத்துக்கு புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆவது பிரிவு. அதற்கு முன் நடந்திருந்தால் இந்திய தண்டனைச் சட்டம் 375. சம்மதம் பற்றி 2013இல் வந்த விளக்கம் இரண்டிலும் ஒன்றுதான். அந்தப் பெண், அந்தக் குறிப்பிட்ட செயலுக்கு, ஐயத்துக்கு இடமில்லாமல், தானாக விரும்பி, பேச்சாலோ சைகையாலோ இசைவு தெரிவித்திருக்க வேண்டும். அவள் உடலால் எதிர்த்துப் போராடவில்லை என்பதை மட்டும் வைத்து சம்மதித்தாள் என்று சொல்ல முடியாது.

இந்த வரிகள் சும்மா வந்துவிடவில்லை. 1972இல் மகாராஷ்டிரத்தில் ஓர் ஆதிவாசிச் சிறுமிக்குக் காவல் நிலையத்துக்குள்ளேயே கொடுமை நடந்தது. உடம்பில் காயம் இல்லை, போராடிய அடையாளம் இல்லை என்று காரணம் காட்டி, காவலர்கள் இருவரையும் 1978இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. நாடெங்கும் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது; மேலே சொன்ன விளக்கம் 2013இல்தான் வந்தது.

ஆகவே அவனோடு லாட்ஜுக்குப் போனதோ, காதலித்ததோ, முன்பு உறவு இருந்ததோ அன்றைய செயலுக்குச் சம்மதம் ஆகாது. உங்களையோ உங்களுக்கு வேண்டியவரையோ கொன்றுவிடுவேன், அடிப்பேன் என்று மிரட்டி வாங்கிய சம்மதமும் செல்லாது. என்ன நடக்கிறது என்றே புரியாத போதையில் தலையாட்டியதும் செல்லாது. 18 வயதுக்குக் கீழே என்றால் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை; குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் சேரும். மனைவி 18 வயதைக் கடந்தவள் என்றால் கணவன் செய்வது இந்தப் பிரிவுக்குள் வராது என்ற விதிவிலக்கு இன்னும் இருக்கிறது. அதை நான் அநீதி என்றே சொல்வேன். அந்த நிலையில் இருப்பவர்களுக்கு 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் உண்டு. பிரிந்து வாழும் மனைவி என்றால் நியாய சன்ஹிதாவின் 67ஆவது பிரிவும் கை கொடுக்கும்.

இனி எழுதும் முறை. ஸ்டேஷன் வாசலில் மனு எழுதித் தருபவர்கள், "ஆசை வார்த்தை கூறி, திருமணம் செய்துகொள்வதாக ஏமாற்றி, பலமுறை" என்று பழக்கத்தில் எழுதிவிடுவார்கள். திருமண வாக்குறுதியால் ஏமாந்தது மட்டும்தான் நடந்தது என்றால் அதற்கு நியாய சன்ஹிதாவில் 69ஆவது பிரிவு இருக்கிறது. ஆனால் நீங்கள் வேண்டாம் என்று சொல்லியும் அவன் செய்திருந்தால், அந்த வரி உங்கள் வழக்கையே மாற்றிவிடும். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். இப்படி:

"அவர் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். 'வேண்டாம், விடுங்க, நான் வீட்டுக்குப் போகணும்' என்றேன். கையைத் தட்டிவிட்டேன். வாயைப் பொத்தினார். அதற்குப் பிறகு பயத்தில் எனக்குக் குரலே வரவில்லை, கை கால் அசையவில்லை."

அந்தக் கடைசி வாக்கியத்தை வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். உறைந்துபோவது உடம்பின் இயல்பு. எழுதாமல் விட்டால், ஏன் கத்தவில்லை என்று கேட்கும்போது புதிதாகச் சொல்வது போலத் தோன்றும். புகார் தாமதம் என்றால் காரணத்தையும் எழுதுங்கள்: அப்பாவுக்குப் பயந்தேன், போட்டோவை வெளியிடுவேன் என்றான், ஊரில் கட்டப்பஞ்சாயத்து பேசினார்கள், எதுவானாலும். தாமதம் ஒன்றாலேயே வழக்கு விழுந்துவிடாது. சாட்சி இல்லையே என்றும் கலங்க வேண்டாம். பெண்ணின் வாக்குமூலம் நம்பத்தக்கது என்றால் அதை மட்டும் வைத்தே தண்டிக்கலாம் என்று 1996இல் குர்மித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். எங்கள் எல்லை இல்லை என்று அனுப்ப முடியாது, எல்லை பார்க்காமல் பதிவு செய்யும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும். பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கொடுத்து "விசாரிச்சுட்டுச் சொல்றோம்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பதிவுக்கு முந்தைய அந்த விசாரணை, ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான். வல்லுறவுக்கு மத்தியச் சட்டத்தில் குறைந்தபட்சமே பத்து ஆண்டு. பதிவு செய்ய மறுக்கும் அதிகாரிக்கு நியாய சன்ஹிதாவின் 199ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை. மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்.

ஆஸ்பத்திரிக்கு முதலிலேயே போகலாம். அரசோ தனியாரோ, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். அன்றைய துணியைத் துவைக்காமல் காகிதக் கவரில் எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் கெடும். குளித்துவிட்டாலும் பரவாயில்லை, போங்கள். பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் பரிசோதனை கூடவே கூடாது என்று 2022இலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. யாராவது அதற்கு முயன்றால் மறுத்துவிடுங்கள்.

எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாக வாங்கி, கையெழுத்துக்கு முன் படித்தது போலவே வீட்டிலும் ஒருமுறை படியுங்கள். "வேண்டாம்" என்று நீங்கள் சொன்ன இடம் விடுபட்டிருந்தால், மாஜிஸ்திரேட் முன் கொடுக்கும் வாக்குமூலத்தில், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து நாங்கள் இன்னும் பழக்கத்தில் 164 என்று சொல்கிறோமே, அதில் உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். துணைக்கு ஆள் வேண்டும் என்றால் பெண்கள் உதவி எண் 181. இலவச வழக்கறிஞர் வேண்டும் என்றால் சட்ட உதவி எண் 15100, அல்லது நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு.