பெய்ரூட் எக்ஸ்பெரிமென்டல் மியூசிக்: எங்க ஆரம்பிக்கணும், எப்படி கேக்கணும்

அரபு மியூசிக்னு சொன்னா நம்ம ஆளுங்களுக்கு உம் குல்தூம், ஃபைரூஸ் மாதிரி பாடகிங்க, ஊத்ங்கற கம்பி வாத்தியம், தர்புகா டிரம் இதெல்லாம்தான் ஞாபகம் வரும், அதுல தப்பே இல்ல. ஆனா லெபனான் தலைநகர் பெய்ரூட்ல இருபத்தஞ்சு வருஷமா ஒரு சின்ன கூட்டம் மெட்டும் இல்லாம தாளமும் இல்லாம, டிரம்பெட்ட ஊதினா டிரம்பெட் மாதிரியே கேக்காம ஒண்ண வாசிச்சிட்டு இருக்காங்க. அரபு நாடுகள்ல இந்த மாதிரி இசைக்குன்னு ஒரு ஊர சொல்லச் சொன்னா நான் பெய்ரூட்டத்தான் சொல்வேன். கெய்ரோக்காரங்க சண்டைக்கு வருவாங்க, எகிப்து இசையமைப்பாளர் ஹலீம் எல்-தாப் 1944லயே கம்பி ரெக்கார்டர்ல ஸார் சடங்குப் பாட்ட பதிவு பண்ணி அத உருமாத்தி எலக்ட்ரானிக் மியூசிக் செஞ்ச ஊரு அது, அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. இன்னிக்கு பெய்ரூட் மட்டும்.

மொதல்ல ஹெட்ஃபோன் எடுத்துக்குங்க. ஃபோன் ஸ்பீக்கர்ல கேட்டா இதுல பாதி சத்தம் காதுக்கு வந்தே சேராது. நான் மொத தடவ ஒரு டிராக்க லேப்டாப்ல போட்டுட்டு, சத்தமே வரலயேன்னு வால்யூம ஏத்திக்கிட்டே போயி, நாலாவது நிமிஷம் தகரத்த தரையில போட்டு இழுத்த மாதிரி ஒண்ணு வந்துச்சு பாருங்க, பக்கத்து ரூம்ல தூங்கிட்டு இருந்த அம்மா எழுந்து வந்து கிச்சன்ல பூனை பூந்துடுச்சான்னு பாத்துட்டு போனாங்க. வால்யூம ஒரு இடத்துல வெச்சுட்டு அப்படியே விட்டுடுங்க. சமைச்சுக்கிட்டே கேக்கற வேலையும் வேணாம், இதுக்கு உக்காரணும்.

ஆரம்பிக்க ஒரே ஒரு டிராக் சொல்லணும்னா லெபனான் டிரம்பெட்காரர் மாஸென் கெர்பாஜோட 'ஸ்டாரி நைட்'. 2006 ஜூலைல இஸ்ரேல் லெபனான் மேல குண்டு போட்டுச்சு, 34 நாள் போர். ஜூலை 15 ராத்திரி விடிஞ்சா 16, கெர்பாஜ் தன் ஃபிளாட் பால்கனில ரெக்கார்டர ஆன் பண்ணி வெச்சுட்டு டிரம்பெட் வாசிக்கறார். ஆறரை நிமிஷம்தான் கேக்கக் கிடைக்குது. வாசிச்சவங்க யாருன்னு அவரே போட்டிருக்கார்: டிரம்பெட், மாஸென் கெர்பாஜ். குண்டு, இஸ்ரேல் விமானப்படை. அவ்ளோதான், அதுக்கு மேல ஒரு விளக்கமும் இல்ல.

இத கேக்கறப்ப குண்டு எப்ப விழும்னு காத்துக்கிட்டு இருக்காதீங்க, எல்லாரும் அதத்தான் பண்றாங்க. குண்டு விழுந்ததுக்கு அப்புறம் என்ன வருதுன்னு கேளுங்க. மொதல்ல எதிரொலி ஊரு மேல உருண்டு போகும், அப்புறம் தெருவுல நிக்கற கார் அலாரம் கத்த ஆரம்பிக்கும், நாய் குரைக்கும். இதெல்லாம் அடங்குற வரைக்கும் மனுஷன் மூச்ச மட்டும் குழாய்க்குள்ள விட்டுக்கிட்டு இருப்பார், சில சமயம் அதுவும் இல்ல. அந்த ஊரு எவ்ளோ பெருசு, கட்டடம் எவ்ளோ தள்ளி இருக்கு, தெரு எந்தப் பக்கம்னு காதாலயே தெரியும். பெய்ரூட் மியூசிக் கேக்க நான் பிடிச்ச வழியே இதுதான், வாத்தியத்த விட்டுட்டு இடத்த கேக்கறது, மெட்டு எங்கன்னு தேடறத நிறுத்தின அன்னிக்குத்தான் எனக்கு இது பிடிபட்டுச்சு.

ஆனா இத மட்டும் கேட்டுட்டு எல்லாமே போர் மியூசிக்னு முடிவு கட்டிடாதீங்க. கெர்பாஜ் பொறந்தது 1975, உள்நாட்டுப் போர் ஆரம்பிச்ச அதே வருஷம், அதனால அவர் டிரம்பெட்ல ஹெலிகாப்டர் சத்தம் வந்தா உடனே ஆளாளுக்கு குண்டு கதை பேச ஆரம்பிச்சிடறாங்க. போர் நடந்த எல்லா ஊர்லயும் இந்த மியூசிக் வந்துடலயே.

அடுத்து 'ஏ' டிரியோ. கெர்பாஜ் டிரம்பெட், ஷெரீஃப் செஹ்னாவி அக்கூஸ்டிக் கிடார், ராயெத் யாசின் டபுள் பாஸ். இவங்கள மட்டும் வீடியோல பாருங்க, ஆடியோ அப்புறம். ஏன்னா யாரு எந்த சத்தம் போடறாங்கன்னு சத்தியமா கண்டுபிடிக்க முடியாது. கெர்பாஜ் டிரம்பெட்ட வாயில வெக்க மாட்டார், தொடைக்கு நடுவுல நிக்க வெச்சு நீளமா ஒரு பிளாஸ்டிக் டியூப சொருகி அது வழியா ஊதுவார், டிரம்பெட்டோட அகலமான முனை மேல தகர மூடி, பலூன்னு எதயாவது வெச்சு அது அதிர்றத விடுவார். செஹ்னாவி கிடார மடியில படுக்க வெச்சு கம்பிக்கு நடுவுல குச்சி சொருகி தட்டுவார். மூணு பேரும் எலக்ட்ரானிக்ஸ் ஒண்ணும் யூஸ் பண்ணல, ஆனா கேட்டா ஏதோ ஃபாக்டரி ஓடற மாதிரி இருக்கும். வீடியோ ரெண்டு தடவ பாத்துட்டு அப்புறம் கண்ண மூடி கேளுங்க, இப்ப ஆள் பிரிஞ்சு தெரியும்.

இது பிடிச்சிருந்தா அல் மஸ்லக் லேபிளுக்கு போங்க, 2005ல ஆரம்பிச்சது, பேருக்கு அர்த்தம் கசாப்புக் கூடம். வேற எவனும் வெளியிட மாட்டான்ங்கற ரெக்கார்டிங்க போடறதுக்குன்னே வந்த லேபிள். இவங்க கூட்டத்தோட இன்னொரு லேபிள் அன்னிஹாயா, அதுக்கு அர்த்தம் முடிவு. பேர் வெக்கறதுல இவங்கள அடிச்சுக்க ஆள் இல்ல. பேண்ட்கேம்ப் வெப்சைட்ல பாத்து காசு குடுத்தே வாங்குங்க, சின்ன லேபிள் எல்லாம் அதுலதான் ஓடுது.

சரி, இதெல்லாம் தாங்க முடியல, கொஞ்சமாவது பீட் வேணும்னா தலைகீழா வாங்க. பிரேட்னு ஒரு ஜோடி இருக்கு, அத கேளுங்க, ராயெத் யாசினும் பாயெத் கொன்காவும் எகிப்தோட ஷாபிங்கற தெரு மியூசிக்க எடுத்து கிளாரினெட்டும் கீபோர்டும் போட்டு கலக்கி வெச்சிருப்பாங்க, கல்யாண வீட்டு ஆட்டம் வழி தவறிப் போன மாதிரி இருக்கும். அப்புறம் சனம்னு ஒரு பேண்ட், அவங்களோட மொத ஆல்பம் 2023ல வந்துச்சு, சாண்டி ஷமூன் குரலும் ஃபரா கத்தூரோட புஸூக்ங்கற கம்பி வாத்தியமும் இருக்கறதால புதுசா கேக்கறவங்களுக்கு பிடிமானம் கிடைக்கும். இத கேட்டுட்டு மெதுவா 'ஏ' டிரியோ பக்கம் போகலாம், அவசரம் இல்ல.

நேர்ல கேக்கணும்னா இர்திஜால் திருவிழா. அரபுல இர்திஜால்னா முன்கூட்டி யோசிக்காம அந்த நேரத்துல வாசிக்கறது. கெர்பாஜ், செஹ்னாவி, சாக்ஸஃபோன் வாசிக்கற கிறிஸ்டீன் இவங்கெல்லாம் சேந்து 2001ல ஆரம்பிச்சது. ஒரே ஹால்ல நடக்காது, ஊருக்குள்ள வேற வேற இடத்துல ராத்திரிக்கு ஒரு இடம்னு போகும். அதனால ஃப்ளைட் புக் பண்றதுக்கு முன்னாடி அந்த வருஷ தேதியயும் இடத்தயும் அவங்க வெப்சைட்ல பாத்துக்குங்க, பயண எச்சரிக்கையும் பாத்துக்குங்க, அந்த ஊர் நிலவரம் ஒரே வாரத்துல மாறும். கையில டாலர் நோட்டா வெச்சுக்குங்க, 2019ல பேங்க்கெல்லாம் படுத்ததுலேருந்து லெபனான்ல கார்ட நம்பி போகக் கூடாது. ஊருக்குள்ள சுத்த ஷேர் டாக்ஸி இருக்கு, அங்க சர்வீஸ்னுதான் சொல்வாங்க, ஏறதுக்கு முன்னாடியே சர்வீஸான்னு கேட்டுக்கணும், இல்லன்னா தனி டாக்ஸி ரேட் போட்டுடுவான்.

நேரம் இருந்தா பெய்ரூட்டுக்கு வடக்க இருக்கற ஜெய்ட்டா குகைக்கும் போங்க. 1969ல எலக்ட்ரானிக் மியூசிக்ல பெரிய பேரான ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன் வந்து அந்த குகைக்குள்ள கச்சேரி பண்ணிருக்கார், நம்ப முடியுதா.

கச்சேரி நடக்கற கரன்டினா, மார் மிகேல் பக்கமெல்லாம் துறைமுகத்த ஒட்டி இருக்கற ஏரியா. 2020 ஆகஸ்ட் 4 துறைமுக வெடிப்புல இங்கதான் அடி ஜாஸ்தி, மொத்தமா இருநூறு பேருக்கு மேல செத்தாங்க, ஸ்டூடியோ, வாத்தியம், கிளப்னு எல்லாம் போச்சு. அதுக்கப்புறம் வாத்தியம் இழந்தவங்களுக்கு இந்த மியூசிக்காரங்களே காசு தெரட்டினாங்க.

கடைசியா, வீட்டுல ஒண்ணு பண்ணிப் பாருங்க. பழைய கிடார் இருந்தா மடியில படுக்க வெச்சு, நடுவுல ஒரு மூங்கில் குச்சிய கம்பிக்கு மேல ஒண்ணு கீழ ஒண்ணா கோத்து விட்டு, நீட்டிக்கிட்டு இருக்கற முனைய விரலால சுண்டுங்க. துருப் பிடிச்ச கம்பில வேணாம், அறுந்துடும். கிடார் இல்லன்னா ஒரு மீட்டர் தோட்டத்து ஹோஸ், ஒரு எண்ணெய் ஊத்தற புனல் போதும், புனல ஒரு முனையில சொருகி மறு முனையில உதட்ட அதிர விட்டு ஊதுங்க, புனல எவர்சில்வர் தட்டு மேல கவுத்துப் பாருங்க, பக்கெட் தண்ணில முக்கிப் பாருங்க. ஃபோன்ல ரெக்கார்டர ஆன் பண்ணிட்டு பால்கனில உக்காந்து நாப்பது நிமிஷம் இத பண்ணுங்க, வெளிய ஹாரன் அடிச்சா நிறுத்தி கேளுங்க, அது முடியற இடத்துல ஊதுங்க. அப்புறம் அதுலேருந்து ஆறு நிமிஷம் வெட்டி எடுங்க, எந்த ஆறு நிமிஷம்னு தேர்ந்தெடுக்கறதுதான் கஷ்டம். நான் பண்ணினதுல இருபத்தி மூணாவது நிமிஷத்துல கீழ் வீட்டு மாமா குரல் வருது, மோட்டார்ல காத்து வாங்குது போல, யாராவது போய் பாருங்கப்பான்னு. அந்த எடத்ததான் வெச்சிருக்கேன்.