மாடித்தோட்டக் காய் கடைக்காயைவிட மலிவா? கணக்கு உதைக்கும் இடங்கள்

தண்ணீரை அதிகம் ஊற்றுவது, வெயில் படாத மூலையில் செடிப் பையை வைப்பது போன்ற தவறுகளை இங்கே விட்டுவிடலாம். அவற்றைச் செடியே வாடிக் காட்டிக் கொடுத்துவிடும். பணம் சத்தமில்லாமல் கரைவது வேறு இடங்களில்.

நாலே நாலு வெண்டைச் செடி

காய்ப்புக்கு வந்த வெண்டைச் செடி இரண்டு நாளுக்கு ஒரு காய் தரும். கால் கிலோவுக்கு 15 முதல் 20 காய் வேண்டும். நாலு செடியில் ஒரு பொரியலுக்குக் காய் சேர எட்டுப் பத்து நாள் ஆகிவிடும். அதற்குள் முதலில் பறித்தது வதங்கிப் போகும், பறிக்காமல் விட்டது முற்றி நாராகும். கடைசியில் வெண்டைக்காயைக் கடையிலும் வாங்குவீர்கள். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 12 செடியாவது வைக்க இடமிருந்தால் வையுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பைகளில் கத்தரியோ மிளகாயோ போடுங்கள்.

வெங்காயம், உருளை, முட்டைக்கோஸ்

வேண்டாம். ஒரு பையை மூன்று மாதம் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கோஸ் வரும். அதே பையில் சிறுகீரையை மூன்று முறை விதைத்துப் பறித்திருக்கலாம்.

ஒரு போகத்தோடு மண்கலவையைக் கொட்டுவது

காய்ப்பு ஓய்ந்ததும் பையைக் கவிழ்த்துக் கலவையைக் குப்பையில் கொட்டிவிட்டு, "சத்து போயிடுச்சு" என்று புதுக் கோகோபீட் (தென்னைநார்த் தூள்) கட்டி வாங்கக் கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. சத்து போனால் சத்தைப் போட வேண்டியதுதானே, மண்ணை ஏன் கொட்ட வேண்டும்?

15க்கு 15 அங்குல வட்டப் பை 40 லிட்டருக்கு மேல் கலவை கொள்ளும். பை, செம்மண், கோகோபீட், மண்புழு உரம் எல்லாமாக 250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஒரு கத்தரிச் செடியில் ஒரு போகத்துக்கு இரண்டரைக் கிலோ கிடைக்கலாம். அத்தோடு கொட்டினால் கிலோ 100 ரூபாய். அதே கலவைக்கு அடுத்த மூன்று போகத்துக்கும் தலா 70 ரூபாய் உரம் சேர்த்து, மொத்தம் நாலு போகம் ஓட்டி, ஒவ்வொன்றிலும் இதே அளவு காய் வந்தால், 460 ரூபாய்க்குப் பத்துக் கிலோ, அதாவது கிலோ 46 ரூபாய். சமையலறைக் கழிவில் நீங்களே உரம் செய்தால் இன்னும் இறங்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். தண்ணீரை நிறுத்தி நாலைந்து நாள் காயவிடுங்கள். தண்டை வெட்டிவிட்டு, கலவையைத் தார்ப்பாயில் கொட்டி, தடித்த வேர்களைப் பொறுக்குங்கள். மெல்லிய வேர் கிடக்கட்டும், மக்கிவிடும். இரண்டு மூன்று நாள் வெயிலில் கிளறிவிடுங்கள். கலவையில் கால் பங்கு வரை குறைந்திருக்கும். அந்தக் குறையை மண்புழு உரத்தாலோ நன்கு மக்கிய தொழுவுரத்தாலோ நிரப்பி, பைக்கு 100 கிராம் வேப்பம் புண்ணாக்கு சேர்த்து, ஈரமாக்கி 10 முதல் 15 நாள் ஆறப்போடுங்கள். பொறுக்காமல் மறுநாளே நட்டால் புண்ணாக்கு மக்கும் சூட்டில் நாற்று கருகும். கத்தரி இருந்த பையில் அடுத்து தக்காளி, மிளகாய் வேண்டாம், எல்லாம் ஒரே குடும்பம். அவரையோ கீரையோ போடுங்கள்.

பொறுக்கிய வேரை வீசுவதற்கு முன் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். மிளகு அளவில் முடிச்சுகள் தெரிந்தால் வேர்முடிச்சு நூற்புழுவாக இருக்கலாம். அவரை, தட்டைப்பயறு வேரிலும் முண்டு இருக்கும், ஆனால் அது விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். நூற்புழு முடிச்சில் வேரே வீங்கியிருக்கும், உதிராது. அப்படிப்பட்ட கலவையை ஈரப்படுத்தி, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் இறுக மூடி, சித்திரை வெயிலில் நாலு முதல் ஆறு வாரம் வையுங்கள். அதன்பிறகும் முதல் போகத்துக்குச் செண்டுமல்லிதான், அதன் வேர் நூற்புழுவை அடக்கும்.

கொட்டியே ஆகவேண்டிய கலவையும் உண்டு. பச்சையாக இருந்த கத்தரிச் செடி இரண்டொரு நாளில் தொங்கிப்போனால், தண்டின் அடிப்பகுதியை வெட்டித் தெளிந்த தண்ணீர் உள்ள டம்ளரில் நிறுத்துங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால்போல நூலிழை இறங்கினால் பாக்டீரியா வாடல். அந்தக் கலவைக்கு இரக்கம் காட்ட வேண்டாம்.

விலை ஏறியதும் தக்காளி விதைப்பது

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. அந்த வேகத்தில் விதைத்திருந்தால் நாற்றுக்கு 25 நாள், நட்டபின் இரண்டு மாதம் என்று பழம் பறிக்கும்போது அக்டோபர். செப்டம்பரிலேயே விலை சரிந்துவிட்டது. விலையைப் பார்த்து நடாதீர்கள், பட்டத்தை, அதாவது பயிருக்கேற்ற பருவத்தைப் பார்த்து நடுங்கள்.

மே மாதத்தில் தொடங்குவது

ஆடி வரை பொறுங்கள்.

மெல்லிய கறுப்புப் பை

மொட்டை மாடி வெயிலில் ஒன்றிரண்டு வருடத்தில் கிழியும், அதுவும் தூக்கி நகர்த்தும்போது. எச்டிபிஇ என்ற கெட்டிப் பிளாஸ்டிக் இழையில் நெய்த பை நாலைந்து வருடம் தாங்கும். விலை இரண்டு மடங்கானாலும் அதையே வாங்குங்கள்.