அரைத்த சாப்பாட்டை விட மறுக்கும் பிள்ளைக்குச் சோறு பழக்குவது எப்படி?

ஒன்றேகால் வயதாகிவிட்டது, பல்லும் முளைத்துவிட்டது. ஆனால் ஒரு சோற்றுப் பருக்கை முழுதாக நாக்கில் பட்டாலே ஓங்காளிக்கிறது. அரைத்துக் கொடுத்தால் மட்டும் கிண்ணம் காலியாகிறது. இப்படி ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால், "செல்லம் குடுத்துக் கெடுத்திட்டாய்" என்று அயலில் யாராவது சொல்லியிருப்பார்கள். அதை விடுங்கள். 6 மாதத்தில் கூழாகத் தொடங்கும் சாப்பாடு, 8, 9 மாதமளவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிபட வேண்டும். புரைக்கேறிவிடுமோ என்ற பயத்திலோ, விடிய வயலுக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ ஓடும் அவசரத்திலோ பலருக்குக் கிரைண்டரை விட மனம் வருவதில்லை. சாப்பாட்டைப் பக்கவாட்டில் தள்ளிக் கடைவாய்க்குக் கொண்டுபோக நாக்கு பழகுவது அந்த மாதங்களில்தான். அது பழகாத பிள்ளைக்கு முன்னிருந்து பின்னுக்குத் தள்ளி விழுங்க மட்டுமே தெரியும். பிந்தினாலும் பழக்கலாம், ஆனால் படிப்படியாகத்தான்.

தொடங்குமுன் பார்க்க வேண்டியவை

தண்ணீர் குடித்தாலும் இருமுகிறதா? சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரக்கிறதா? அடிக்கடி நெஞ்சுச்சளி பிடிக்கிறதா? கிளினிக்கில் தந்த புத்தகத்தில் நிறைக்கோடு கீழே சரிகிறதா? ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் சத்தி எடுக்கிறதா? இதில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் முதலில் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். விழுங்குவதில் சிக்கல் இருந்தால் அதைப் பார்ப்பவர் பேச்சு மொழி சிகிச்சையாளர். பேச்சுக்கு மட்டும்தான் அவர் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கிளினிக் வைத்தியரிடம் கேட்டுக் கடிதம் வாங்குங்கள்.

இன்னொன்று: ஓங்காளம் வேறு, அடைப்பு வேறு. ஓங்காளத்தில் பிள்ளை சத்தம் போடும், முகம் சிவக்கும், நாக்கை வெளியே தள்ளும். அது உடம்பு தன்னைக் காக்கும் வழி. பதறாமல் பார்த்துக்கொண்டு இருங்கள், விரலை வாய்க்குள் விடாதீர்கள். அடைப்பில் சத்தமே வராது, இருமவும் முடியாது, உதடு நீலமாகும். அப்போது முகம் கீழே பார்க்க முன்னுக்குச் சரித்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தடவை பலமாகத் தட்ட வேண்டும். அதே நேரம் இன்னொருவர் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சுக்கு எடுக்க வேண்டும். அடுத்த முறை கிளினிக் போகும்போது இந்த முதலுதவியைச் செய்து காட்டச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

முதல் படி: பசி

உண்மையில் பாதிப் பிரச்சினை இங்கேதான். வன்னி வெயிலுக்குப் பிள்ளை நாள் முழுக்கக் குடிக்கக் கேட்கும். நாமும் பால்மாவைக் கரைத்துச் சூப்பிப் போத்தலில் கொடுத்துக்கொண்டே இருப்போம். வயிறு நிறைந்த பிள்ளை ஏன் மெல்லக் கஷ்டப்பட வேண்டும்? ஒரு வயதுக்கு மேல் பால்மாவோ பசுப்பாலோ நாளுக்கு 500 மில்லிலீற்றருக்குள் நிற்கட்டும். கூடினால் இரும்புச்சத்தும் குறையும், பசியும் குறையும். தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை. இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம், ஆனால் சாப்பாட்டுக்கு முன் அல்ல, பின். தாகத்துக்குக் கொதித்தாறிய தண்ணீர் போதும். தேத்தண்ணியும் மேரி பிஸ்கட்டும் அம்மம்மாவின் மடியில் இரகசியமாகப் போகும், அங்கேயும் ஒரு கண் வையுங்கள்.

நாளுக்கு 3, 4 சாப்பாடு, நடுவில் ஒன்றிரண்டு சின்னத் தீன். இடைவெளி இரண்டு, மூன்று மணி நேரம்.

இரண்டாம் படி: இருத்துவது

கோழியைக் காட்டி, போனைக் காட்டி, முற்றம் முழுக்க நடந்து தீத்துவதை நிறுத்துங்கள். பாயில், முதுகு சாயாமல் நிமிர்ந்து இருக்கட்டும். பெரியவர்களும் பக்கத்தில் இருந்து மென்று காட்டிச் சாப்பிடுங்கள். இருபது நிமிடம் போதும். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினால் முடிந்தது. என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது உங்கள் முடிவு. எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் முடிவு.

மூன்றாம் படி: சுவை அதே, தடிப்பு மட்டும் வேறு

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இன்று பிள்ளை விரும்பும் பருப்பும் பூசணிக்காயும் அரைத்ததுதான் என்றால், நாளைக்கும் அதுவே, தண்ணீர் மட்டும் குறைவு. கரண்டியைக் கவிழ்த்தால் உடனே வழியக் கூடாது. அது பழகியதும் கிரைண்டரை விட்டு அரிதட்டில் தேய்க்கலாம். அப்புறம் மத்தால் கடையலாம், கடைசியாக முள்ளுக்கரண்டியால் மசிக்கலாம். ஒவ்வொன்றிலும் நாலைந்து நாள் நில்லுங்கள், சில பிள்ளைக்கு இரண்டு கிழமையும் ஆகும். கிளினிக்கில் தரும் திரிபோஷா சத்துமா கிடைக்கும் வீடென்றால் கஞ்சியாகக் கரைக்காமல் மசித்த கதலிப்பழத்தில் குழைத்துக் கொடுங்கள்.

எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. லேசாக இருக்கட்டும் என்று கஞ்சியில் பருக்கை மிதக்கக் கொடுப்பார்கள், சொதியில் இடியப்பத்தை ஊறவிட்டுக் கொடுப்பார்கள். பழகாத வாய்க்கு அதுதான் மிகவும் கஷ்டம். தண்ணீர் முந்தி ஓடிவிடும், கட்டி நாக்கில் தனியாக நிற்கும், பிள்ளை ஓங்காளிக்கும். முழுக்க ஒரே பதமாக, தேங்காய்ப்பாலோ நெய்யோ விட்டுக் குழைத்தது அதைவிடச் சுலபம்.

நான்காம் படி: கடைவாய்க்குக் கொடுப்பது

மசித்ததைச் சாப்பிடத் தொடங்கியதும் விரலளவு நீளத்தில் அவித்த வத்தாளங்கிழங்கையோ பப்பாசித் துண்டையோ கையில் கொடுங்கள். இரண்டு விரலால் நசித்தால் நசிய வேண்டும், அதுதான் அளவு. பிள்ளை தானாகக் கடைவாய்ப் பக்கம் கொண்டுபோகாவிட்டால், துண்டின் ஒரு நுனியை நீங்கள் பிடித்துக்கொண்டு மறுநுனியைக் கன்னத்துக்கும் முரசுக்கும் நடுவில் வையுங்கள். நாக்கு அந்தப் பக்கம் தேடிப் போகும். வலம் ஒரு தடவை, இடம் ஒரு தடவை. கடைவாய்ப் பல் வரவில்லையே என்று காத்திருக்க வேண்டாம், முரசே நன்றாக நசிக்கும்.

கச்சான், கடலை, முழுத் திராட்சை, பச்சைக் கரட் இந்த வயதில் வேண்டவே வேண்டாம். பிள்ளை துண்டு கடிக்கும்போது பக்கத்தை விட்டு எழும்பவும் வேண்டாம்.

முகம் சுளித்தால் அது பிடிக்காத சாப்பாடு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். புதிதான ஒன்றைப் பத்துத் தடவைக்கு மேல் கண்டும் தொட்டும் பார்த்தபிறகே சில பிள்ளைகள் வாயில் வைப்பார்கள். தட்டின் ஓரத்தில் ஒரு துண்டு இருக்கட்டும். பிசைந்து எறிந்தாலும் அதுவும் பழக்கம்தான்.

ஐந்தாம் படி: வீட்டுச் சட்டி

இனிக் குழந்தைக்கென்று தனியடுப்பு தேவையில்லை. கறிக்கு மிளகாய்த்தூள் போடுமுன் ஒரு பங்கை எடுத்துவிடுங்கள். குழைந்த சோறு, பருப்பு, கடைந்த முருங்கையிலை, முட்டை. குளத்து மீன் என்றால் அவித்துக் கையால் உதிர்த்து, முள்ளை இரண்டு தடவை தடவிப் பாருங்கள். திலாப்பியாவில் சின்ன முள் ஒளிந்திருக்கும். கோழி ஈரல் கிடைக்கிற நாளில் மசித்துச் சோற்றில் சேருங்கள், இரும்புச்சத்துக்கு அதைப்போல மலிவாக வேறில்லை. இடியப்பத்தைச் சின்னதாகப் பிய்த்து, தடித்த பருப்பில் பிரட்டிக் கொடுக்கலாம். புட்டு உதிர்வதால் வாயில் சிதறும், அதைக் கடைசிக்கு வையுங்கள்.

நடுவில் காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்தால் பிள்ளை கட்டாயம் பின்னுக்குப் போகும். அந்த நாட்களில் கூழே கொடுங்கள், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக. சுகமானதும், விட்ட படியில் அல்ல, அதற்கு ஒரு படி கீழே தொடங்குங்கள். இரண்டு மூன்று நாளில் பழைய இடத்துக்கு வந்துவிடும். ஒரு மாதம் முயன்றும் ஒரு படிகூட நகரவில்லை என்றால், பிள்ளை என்ன சாப்பிட்டது, எதற்கு ஓங்காளித்தது என்று மூன்று நாளுக்கு ஒரு கொப்பியில் எழுதிக் கிளினிக்குக் கொண்டுபோங்கள். வைத்தியருக்கு அது பெரிய உதவி.